காது வழியாக வேகஸ் நரம்பைத் தூண்டினால் நம் முடிவுகள் மாறுமா? கேள்வி பதில்

காதுக் குழியில் (காது மடலில், துளைக்கு வெளியே இருக்கும் பள்ளம்) சின்ன மின்முனை வைத்து வேகஸ் நரம்பைத் தூண்டும் ஆய்வுக்கூடத்தில் சில வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, சிகிச்சை மட்டும் கேட்காதீர்கள்.

செல்வி: அக்கா, காதில் வைத்தால் மூளைக்கு எப்படிப் போகும்?

வேகஸ் என்பது மூளைத்தண்டிலிருந்து இதயம், நுரையீரல், குடல் என்று ஊர் சுற்றும் பத்தாவது மண்டை நரம்பு. அதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் உடம்பின் சேதியை மேலே கொண்டு போகிறவை. அதில் ஒரு கிளை காதின் தோலுக்கு வருகிறது. காது குடையும்போது சிலருக்கு இருமல் வருமே, அந்தக் கிளையைத் தொட்டுவிடுவதால்தான். அங்கே மெல்லிய மின்சாரம் கொடுத்தால், பெரும்பாலும் விநாடிக்கு 25 துடிப்பு, சேதி மூளைத்தண்டுக்கு ஏறி, விழிப்பைக் கூட்டும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் சுரக்கும் பகுதி வரை போகிறது.

முருகேசன்: சரி, அதனால் என் முடிவு மாறுமா?

எதை முடிவு என்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜெர்மனியின் டியூபிங்கனில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வைச் சொல்கிறேன். பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் சாப்பாடோ பணமோ பரிசு. ஒரே ஆள் ஒரு நாள் உண்மைத் தூண்டலோடும், இன்னொரு நாள் பொய்த் தூண்டலோடும் (வேகஸ் வராத இடத்தில் கொடுப்பது) உட்கார்ந்தார். உண்மைத் தூண்டல் நாளில் வேலையை ஆரம்பிக்கும் வேகம் கூடியது. அந்த உழைப்பைக் கடைசி வரை தாங்கிப் பிடித்தார்களா, பரிசின் மேல் ஆசை கூடியதா என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. அதாவது எதை வேண்டும் என்று நினைக்கிறோமோ அது மாறியதாகத் தெரியவில்லை, எழுந்து போகிற உந்துதல்தான் மாறியது. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுத்தான் விளம்பரங்கள் எழுதப்படுகின்றன.

நரம்பை விட்டு மூளையையே வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் அடக்கிய சூரிச் ஆய்வு (2006) இன்னும் யோசிக்க வைக்கும். 20 சுவிஸ் பிராங்கில் உங்களுக்கு 4 மட்டும் தருகிறேன் என்கிறார் எதிராளி. மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. வலது முன்நெற்றிப் பகுதியை அடக்கியபோது அதிகம் பேர் அந்த 4-ஐ வாங்கிக்கொண்டார்கள். ஆனால் இது நியாயமா என்று கேட்டால், அநியாயம் என்றே சொன்னார்கள்! அறிவு அப்படியே இருக்க, அதன்படி நடக்கும் பிடி மட்டும் தளர்ந்திருக்கிறது.

தணிகை: வலி குறைய தோல் மேல் மின்சாரம் கொடுக்கும் பிசியோதெரபி டென்ஸ் கருவி வீட்டில் இருக்கிறது. காதில் மாட்டலாமா?

வேண்டாம் தம்பி. அது முதுகுக்கும் முட்டிக்கும் அமைத்தது. கழுத்தின் முன்பக்கத்தில் ஒட்டவே கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டவே போகக் கூடாது.

வைத்தி: தோப்புக்கரணத்தில் காதைப் பிடிப்பதும் இதுதானே? முன்னோர்கள் அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இல்லை ஐயா. தோப்புக்கரணத்தில் பிடிப்பது தோடு போடும் சதையை. ஆய்வுகளில் பொய்த் தூண்டல் கொடுக்கிற இடமே அதுதான். அங்கே வருவது கழுத்திலிருந்து வரும் வேறு நரம்பு. தோப்புக்கரணம் நல்ல உடற்பயிற்சி, தாராளமாகப் போடுங்கள். வேகஸ் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வைத்தி: வெள்ளைக்காரன் சொன்னால்தான் நம்புவீர்களா?

யார் சொன்னாலும் அறுத்துப் பார்த்தது எது என்று கேட்பேன். 2002-இல் ஜெர்மனியில் 7 சடலங்களின் 14 காதுகளில் நரம்புகளைத் தேடிப் பார்த்தார்கள். காதுக் குழியின் மேல் பாதிக்கு வேகஸ் கிளை மட்டுமே வந்தது. தோடு சதைக்கு அது வரவில்லை.

கவிதா (பிசியோதெரபிஸ்ட்): வெறும் 7 பேர்! அதை நம்பியா இத்தனை ஆய்வும்? தோடு சதையில் கொடுத்தாலும் சுருக்கென்று இருக்குமே, அதுவே கவனத்தைக் கலைக்காதா?

இன்றைக்கு வந்ததில் இதுதான் நல்ல கேள்வி. ஆமாம், பெரும்பாலும் அந்த 14 காதுகளைக் காட்டித்தான் இடம் தேர்கிறோம், அது எனக்கும் உறுத்தல். சுருக்கென்று இருப்பது வேண்டுமென்றே வைத்தது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி உணர்ந்தால்தான் ஆளுக்கு எது உண்மை என்று தெரியாது. ஆனால் குழித் தோலும் சதைத் தோலும் ஒன்றல்ல. ஒவ்வொருவருக்கும் வலிக்குக் கொஞ்சம் கீழே அளவு வைத்தாலும் உணர்வு சமமாகாது. சின்ன வித்தியாசம் காட்டும் ஆய்வுகளில் நீங்கள் சொல்வது பெரிய ஓட்டைதான்.

வைத்தி: அப்போது என் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இல்லை ஐயா. ஓட்டை இருப்பது எங்கள் அளவுகோலில். அதனால் தோடு சதைக்கு வேகஸ் வந்துவிடாது.

ரமேஷ்: டென்ஸ் கருவியைக் குறைந்த அளவில் வைத்தால்?

மேலே தணிகைக்குச் சொன்னதுதான்.

நூர்ஜஹான்: பங்குச் சந்தையில் நல்ல முடிவெடுக்க உதவுமா?

உதவும் என்று சொல்ல எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. எழுந்து போகும் வேகம் கூடினால் அவசரமாக வாங்கவும் கூடும்.

சுரேஷ்: 9 வோல்ட் பேட்டரி…

வேண்டாம். காதில் தீக்காயம் ஆகலாம்.

பிரேமா: அப்பாவுக்கு வலிப்பு, மாத்திரை கேட்கவில்லை. இந்தக் காது கருவி வாங்கலாமா?

வாங்காதீர்கள் அம்மா. வலிப்புக்கு அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது அறுவை செய்து மார்பில் வைத்து, கழுத்தில் உள்ள வேகஸ் நரம்போடு கம்பியால் இணைக்கும் கருவி, அது வேறு. எந்த நாளில், எத்தனை நிமிடம் வந்தது என்று நோட்டில் எழுதி நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். முடிந்தால் ஒரு தடவை வலிப்பு வரும்போது செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.