சாட்சிகள் எப்போது பேசினார்கள்?

கேள்வி: அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் குடியுரிமை பெற்று வாழும் என் அக்கா மகனும் அவன் மனைவியும் 2024 அதிபர் தேர்தலில் ஆளுக்கொரு பக்கம் வாக்களித்தார்கள். அந்த வாக்குவாதம் இன்றுவரை ஓயவில்லை. டிரம்ப் தம் முதல் ஆட்சியில் அமைச்சர்களையும் அதிகாரிகளையும் அடிக்கடி மாற்றியது அவருடைய துணிச்சலைக் காட்டுகிறது என்கிறான் அவன். தகுதியுள்ள எவரும் அவரிடம் நிலைக்க முடியவில்லை என்பதையே அது காட்டுகிறது என்கிறாள் அவள். கூடவே இருந்து பணியாற்றிய தளபதிகள் எச்சரித்த பிறகும் அவருக்கே வாக்களித்தவர்களை மூடர்கள் என்றுதானே சொல்ல வேண்டும்?
- வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: அப்படிச் சொல்லக்கூடாது. 2024இல் டிரம்புக்கு வாக்களித்தவர்கள் 7 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர். கமலா ஹாரிசுக்கு வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 7 கோடியே 50 லட்சம் பேர். இவர்களில் ஒரு பாதியை மூடர்கள் என்று ஒதுக்கிவிட்டால், அந்த நாட்டில் என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். வாக்காளர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன், அவர்களுக்குச் சாட்சி சொல்லியிருக்க வேண்டியவர்கள் எப்போது, எந்தக் குரலில் சொன்னார்கள் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

வரிசையாகப் பாருங்கள். பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஓய்வுபெற்ற தளபதி ஜேம்ஸ் மேட்டிஸ், சிரியாவிலிருந்து படைகளை விலக்கும் முடிவை ஏற்க முடியாமல் 2018 டிசம்பரில் விலகினார். தம் கருத்தோடு ஒத்துப்போகும் அமைச்சரை வைத்துக்கொள்ளும் உரிமை அதிபருக்கு உண்டு என்று தம் கடிதத்தில் நாகரிகமாக எழுதினார். அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டுக் காலம் அதிபரைப் பற்றி வெளிப்படையாகக் குறை சொல்வதைத் தவிர்த்துவந்த அவர், 2020 ஜூன் மாதத்தில்தான், மக்களை ஒன்றுபடுத்த முயலவே செய்யாத அதிபர் இவர் என்று அறிக்கை விட்டார். வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரியாக ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் அதிபரின் பக்கத்து அறையிலேயே இருந்த, இவரைப் போலவே ஓய்வுபெற்ற தளபதியான ஜான் கெல்லி 2019 தொடக்கத்தில் வெளியேறினார். பாசிசத்தின் பொது இலக்கணம் டிரம்புக்குப் பொருந்துகிறது என்று அவர் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்குச் சொன்னது 2024 அக்டோபர் 22ஆம் நாள் வெளியானது. வாக்குப்பதிவு நாளுக்கு இன்னும் இரண்டே வாரங்கள்தான் இருந்தன. ஜார்ஜியா உள்ளிட்ட பல மாநிலங்களில் மக்கள் அதற்குள் முன்கூட்டியே வாக்களிக்கத் தொடங்கிவிட்டிருந்தார்கள்.

இதைவிட வருத்தம் தருவது 2018 செப்டம்பரில் அதே நாளிதழில் பெயரில்லாமல் வெளியான கட்டுரை. நிர்வாகத்தின் மூத்த அதிகாரி ஒருவர், அதிபரின் தவறான போக்குகளை உள்ளிருந்தபடியே தடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தார். எழுதியவர் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த மைல்ஸ் டெய்லர் என்பதை அவரே 2020 அக்டோபர் கடைசியில்தான் ஒப்புக்கொண்டார். பெயரும் முகமும் இல்லாத சாட்சியை எந்த நீதிமன்றம் ஏற்கும்? அதிபரின் ஆதரவாளர்கள் அந்தக் கட்டுரையை, மக்கள் தேர்ந்தெடுத்தவருக்கு எதிராக அதிகாரிகள் செய்யும் சதிக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள் என்றால், அவர்களிடம் நான் குறை காண மாட்டேன்.

இராணுவத்திலிருந்து வந்தவர்கள் அரசியலில் பக்கம் சேரக் கூடாது என்ற மரபை மேட்டிஸும் கெல்லியும் மதித்தார்கள் என்பது உண்மை. அது நல்ல மரபும்கூட. ஆனால் சீருடையைக் கழற்றிவிட்டு, செனட் சபையின் ஒப்புதலைப் பெற்று, அமைச்சர் பொறுப்பை ஏற்றவருக்கு அந்த மரபு முழு விலக்கு அளிக்காது. ஆபத்தானவர் என்று அறிந்த பிறகு அதைச் சொல்ல ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களின் பேச்சு, வாக்காளரின் காதில் தேர்தல் பிரசாரமாகத்தான் விழும்.

டிரம்பின் பக்கத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது நேர்மையாகாது. பைடன் நிர்வாகத்தில் ஏறக்குறைய எந்தக் கொந்தளிப்பும் இல்லை. அமைச்சர்கள் பெரும்பாலும் நான்கு ஆண்டுகளும் நிலைத்திருந்தார்கள். அந்த அமைதிக்குள்ளேதான் மிகப்பெரிய உண்மை மறைந்திருந்தது. இரண்டாம் முறை போட்டியிடும் வயதை அதிபர் கடந்துவிட்டார் என்று கருத்துக்கணிப்புகளில் மக்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2024 பிப்ரவரியில், பைடன் அரசு ரகசிய ஆவணங்களை வைத்திருந்ததை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஹர் தம் அறிக்கையில் அவருடைய நினைவாற்றல் குறைவைக் குறிப்பிட்டபோது, வெள்ளை மாளிகை அறிக்கை எழுதியவர் மீதே பாய்ந்தது. மினசோட்டாவைச் சேர்ந்த டீன் பிலிப்ஸ் என்ற பிரதிநிதிகள் சபை உறுப்பினர் உட்கட்சித் தேர்தலில் பைடனை எதிர்த்து நின்றார். கட்சி அவரைத் தீண்டத்தகாதவராக நடத்தியது, மார்ச் மாதத்திலேயே அவர் விலகிக்கொண்டார். அமைச்சர் ஒருவர்கூட எழுந்து நின்று சொல்லவில்லை. ஜூன் 27 தொலைக்காட்சி விவாதத்தில் பைடன் தடுமாறியதை நாடே நேரில் பார்த்துவிட்ட பிறகுதான் கட்சிக்காரர்கள் வாய் திறந்தார்கள். ஜூலை 21 அன்று அவர் போட்டியிலிருந்து விலகினார். தேர்தலுக்கு 107 நாட்கள் இருக்கையில், உட்கட்சித் தேர்தல் எதிலும் அந்த முறை மக்கள் வாக்கைக் கேட்டிராத கமலா ஹாரிஸ் வேட்பாளரானார்.

ஆகவே, அதிபருக்கு மிக அருகில் இருந்தவர்கள் சொல்ல வேண்டியதை உரிய காலத்தில் சொல்லாத குறை இரண்டு கட்சிகளுக்கும் பொதுவானது. அந்த இடைவெளியில் வாக்காளர் தம் கைக்கு எட்டிய சாட்சியத்தை நம்பினார். பணவீக்கம் 2022 ஜூனில் 9.1 சதவீதத்தைத் தொட்டு, பிறகு இறங்கியது உண்மைதான். ஆனால் பணவீக்கம் இறங்கினால் விலை ஏறும் வேகம்தான் குறையும். ஏறிய விலை ஏறியதுதான். முட்டைக்கும் பாலுக்கும் வாடகைக்கும் வாரந்தோறும் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருந்தவரிடம், பல ஆண்டுகளுக்கு முன் வெள்ளை மாளிகையின் மூடிய அறைக்குள் நடந்த சண்டையைப் பற்றித் தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் சொன்னால், அவர் கையிலிருக்கும் கடை ரசீதைத்தான் நம்புவார். அந்த முடிவு தவறு என்று வாதாடலாம், நானும் வாதாடுவேன். ஆனால் அது மூடத்தனம் அல்ல.

இனி உங்கள் அக்கா மகன் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். ஒரே நிகழ்ச்சியைப் பார்த்து அவன் துணிச்சல் என்கிறான், அவள் நிலையின்மை என்கிறாள். அதிகாரிகள் விலகினார்கள் அல்லது விலக்கப்பட்டார்கள் என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு இருவரில் யாருடைய பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அமெரிக்க அரசியல் அமைப்பு அப்படிப்பட்டது. நம் ஊரில் அமைச்சர் என்பவர் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ உறுப்பினர். பதவி போனாலும் சபையில் எழுந்து பேசுவதற்கு அவருக்கு ஓர் இருக்கை உண்டு. அங்கே அமைச்சர்கள் சபை உறுப்பினர்களாக இருக்கவே கூடாது. நியமனத்துக்குத்தான் செனட்டின் ஒப்புதல் வேண்டும். நீக்குவது அதிபரின் விருப்பம். 2018 மார்ச்சில் வெளியுறவு அமைச்சர் ரெக்ஸ் டில்லர்சன் நீக்கப்பட்ட செய்தியை அதிபர் ட்விட்டரில் அறிவித்தார், கதை அத்தோடு முடிந்தது. நீக்கப்பட்டவர் பேச வேண்டுமானால், நாடாளுமன்றம் அவரை அழைத்துச் சத்தியப்பிரமாணம் செய்யவைத்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டபோதெல்லாம் வாக்காளருக்கு வெளிச்சம் கிடைத்திருக்கிறது.

1951 ஏப்ரல் 11 அன்று, கொரியப் போரின் நடுவே, அதிபர் ட்ரூமன் தளபதி மெக்கார்தரைப் பதவிநீக்கம் செய்தார். நாடு கொதித்தது. மெக்கார்தருக்குத் தெருவெங்கும் கூட்டம் கூடியது. ட்ரூமனைப் பதவியிலிருந்து இறக்க வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. மே மாதம் செனட்டின் இரண்டு குழுக்கள் சேர்ந்து விசாரணையைத் தொடங்கின. மெக்கார்தர் மூன்று நாட்கள் சாட்சியம் அளித்தார். அடுத்துப் பாதுகாப்பு அமைச்சர் மார்ஷலும், கூட்டுப் படைத் தலைவர் பிராட்லியும் வந்தார்கள். சீனாவோடு போரை விரிவாக்கும் மெக்கார்தரின் திட்டத்தைப் படைத் தலைமையே ஏற்கவில்லை என்பது அவர்கள் வாயாலேயே வெளிப்பட்டது. ஆத்திரம் அடங்கியது. அந்தப் பதவிநீக்கத்தில் அதிபர் செய்ததுதான் சரி. உங்கள் அக்கா மகன் தன் வாதத்துக்கு உதாரணம் தேடினால் இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

அவன் மனைவிக்கு 1973 அக்டோபர் 20. முந்தைய ஆண்டுதான் 49 மாநிலங்களை வென்றிருந்த நிக்சன், எதிர்க்கட்சி அலுவலகத்தில் அத்துமீறி நுழைந்தது பற்றிய வாட்டர்கேட் வழக்கில், வெள்ளை மாளிகையில் பதிவான ஒலிநாடாக்களைக் கேட்டு விடாப்பிடியாக நின்ற சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கும்படி அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சனுக்கு உத்தரவிட்டார். ரிச்சர்ட்சன் மறுத்து அன்றே விலகினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுசும் மறுத்துப் பதவியை இழந்தார். மூன்றாவதாக வந்த ராபர்ட் போர்க்தான் உத்தரவை நிறைவேற்றினார். அந்தச் சனிக்கிழமை இரவே நாட்டுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வாஷிங்டனில் தந்திகள் மலைபோல் குவிந்தன. மூன்றே நாட்களில் நிக்சன் ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சம்மதித்தார். அடுத்த ஆகஸ்டில் பதவியே போயிற்று. ரிச்சர்ட்சனின் மறுப்புக்கு ஏன் அவ்வளவு வலிமை? தக்க காரணமின்றிச் சிறப்பு வழக்கறிஞரை நீக்கமாட்டேன் என்று, தம் நியமனத்துக்கு ஒப்புதல் தருமுன் செனட் கேட்ட உறுதிமொழியை அவர் கொடுத்திருந்தார். விலகலின் காரணம் எவருக்கும் விளக்கம் தேவைப்படாத அளவுக்குத் தெளிவாக இருந்தது.

இதோடு 2020 ஜனவரியை ஒப்பிடுங்கள். டிரம்ப் மீதான முதல் பதவிநீக்கத் தீர்மானம் செனட்டின் முன் இருந்தது. தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்து வெளியேறிய ஜான் போல்ட்டன், முன்பு பிரதிநிதிகள் சபை விசாரணைக்கு வராமல் இருந்தவர், செனட் அழைப்பாணை அனுப்பினால் சாட்சியம் அளிக்கத் தயார் என்று அறிவித்தார். ஜனவரி 31 அன்று நடந்த வாக்கெடுப்பில் சாட்சிகளை அழைக்க வேண்டாம் என்று 51 பேரும், அழைக்க வேண்டும் என்று 49 பேரும் வாக்களித்தார்கள். ஆளுங்கட்சியிலிருந்து மிட் ராம்னி, சூசன் காலின்ஸ் இருவர் மட்டுமே அழைக்கச் சொன்னவர்கள். போல்ட்டன் சொல்லவேண்டியதை ஜூன் மாதத்தில் விலை போட்டுப் புத்தகமாக வாங்கிக்கொள்ளும்படி ஆயிற்று. குறுக்கு விசாரணை இல்லாத அந்தச் சாட்சியத்தை ஒருவர் நம்பவும் மற்றவர் தூக்கி எறியவும் இடம் இருந்தது. உங்கள் அக்கா மகன் வீட்டில் ஓயாத சண்டை அங்கிருந்துதான் வருகிறது.

இப்போதைய இரண்டாவது ஆட்சியிலும் இது தீரவில்லை. ஏமன் தாக்குதல் பற்றிய உரையாடல் குழுவில் ஒரு பத்திரிகை ஆசிரியர் தவறுதலாகச் சேர்க்கப்பட்ட விவகாரத்துக்குப் பிறகு, 2025 மே மாதத்தில் மைக் வால்ட்ஸ் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். அந்தப் பொறுப்பையும் வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோவிடமே அதிபர் சேர்த்துக் கொடுத்தார். இரண்டு பதவிகளையும் ஒருசேர வகித்தவர் அதற்கு முன் ஹென்றி கிசிஞ்சர் மட்டுமே. அதிபரிடம் மாற்றுக் கருத்துச் சொல்ல வேண்டிய இரண்டு நாற்காலிகளில் ஒருவரே அமர்ந்திருப்பது எனக்குக் கவலை தருகிறது.

2026 நவம்பர் 3 இடைக்காலத் தேர்தலில் நியூஜெர்சியின் செனட் இடங்களில் ஒன்றும் வருகிறது. டிரம்ப் நல்லவரா கெட்டவரா என்று கணவனும் மனைவியும் இன்னும் எத்தனை ஆண்டுகள் விவாதித்தாலும் ஒருவரை ஒருவர் மாற்றிவிட முடியாது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, இருவரும் தத்தம் கட்சி வேட்பாளரிடம் ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: அதிபர் உங்கள் கட்சிக்காரராகவே இருந்தாலும், விலகிய அல்லது விலக்கப்பட்ட அதிகாரியைச் சத்தியப்பிரமாணத்தின் பேரில் செனட் விசாரிக்க வேண்டும் என்று வாக்களிப்பீர்களா? மழுப்பாமல் ஆம் என்று சொல்பவர் எந்தக் கட்சியில் இருந்தாலும், அவருக்கு அந்த வீட்டின் இரண்டு வாக்குகளும் போகலாம்.