கவாத்துக்குப் பின் கண்ணீர் விடும் கொடி

கேள்வி: கம்பத்துக்கு அருகே அரை ஏக்கரில் பன்னீர்த் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறோம். கவாத்து செய்த மறுநாளிலிருந்து, வெட்டிய நுனிகளில் விடாமல் நீர் சொட்டுகிறது. கொடி பட்டுப்போகுமா? வெட்டுவாயை அடைக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: அஞ்ச வேண்டாம், அம்மா, அடைக்கவும் வேண்டாம். இலைகள் இருக்கும் காலத்தில் அவற்றின் நீராவிப்போக்கே நீரை மேலே இழுக்கிறது. கவாத்தில் இலைகள் போனபின்னும் வேர்கள் ஓய்வதில்லை. அவை தாது உப்புகளைக் கொடிக்குள் இருக்கும் நீர்க்குழாய்களில் சேர்த்துக்கொண்டே இருப்பதால், மண்ணின் ஈரம் உள்ளே புகுந்து மேலேறி, வெட்டுவாயில் துளியாகத் திரள்கிறது. இதற்கு வேர் அழுத்தம் என்று பெயர்.

இங்கிலாந்துப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸும் உங்களைப் போலவே கவலைப்பட்டு, வெட்டுவாயில் விலங்கின் சிறுநீர்ப்பைத் தோலை இறுக்கிக் கட்டினார். கசிவு அடங்கவில்லை; தோல்தான் உப்பியது. பிறகு அவர் கண்ணாடிக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியபோது, நீர் 20 அடிக்கும் மேல் ஏறியது. இதை 1727இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்தார்.

தன் எடையைத் தானே சுமக்கும் மரத்துக்குக் கட்டை வலுவாக இருந்தாக வேண்டும். பற்றுக்கம்பியால் பந்தலைப் பிடித்துக்கொள்ளும் கொடிக்கோ அந்தச் செலவு குறைவு என்பதால், மெல்லிய தண்டுக்குள்ளேயே அகலமான நீர்க்குழாய்களை அமைத்துக்கொள்கிறது. மருந்து தெளிக்காத முதிர்ந்த குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் ஊதிப் பாருங்கள். குமிழிகள் வருவதைக் கண்ணாலேயே காணலாம். இத்தகைய குழாய்களில் காற்று புகுந்தால் நீரோட்டம் அறுந்துவிடும். அந்தக் காற்றை வெளியே தள்ள வேர் அழுத்தம் உதவுகிறது. ஆகவே நீங்கள் காணும் கசிவு, வேர் நலமாக இருப்பதற்கான அடையாளம் என்றே கொள்ளலாம். துளிர் விட்டு இலை விரிந்ததும் தானாகவே நின்றுவிடும். கசிவு குறைய வேண்டுமானால், அடுத்த முறை கவாத்துக்கு ஒரு வாரம் முன்பே பாசனத்தை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பழுக்கும் சமயத்தில் மழை பெய்தால் திராட்சைப் பழம் வெடிப்பது ஏன்?
– ஒரு வாசகர், சின்னமனூர்

பதில்: நிறம் மாறத் தொடங்கியபின் பழத்தில் சர்க்கரை மிகுகிறது, அது நீரை வலுவாக ஈர்க்கும். மழைநீர் வேர் வழியாக மட்டுமன்றித் தோல் வழியாகவும் நேரே புகுவதால், தோல் அதற்கு ஈடாக விரிய முடியாமல் கிழிகிறது. வறட்சிக்குப் பின் திடீரென மிகுதியாகத் தண்ணீர் பாய்ச்சினாலும் இதே சேதம் நேரலாம். மழையை நம்மால் தடுக்க இயலாது. பாசனத்தையாவது சொட்டுநீர் முறையில் சீராக வைத்திருந்து, அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு நிறுத்திவிடுங்கள்.