லாஸ்கோ மூடியிருக்கும்போது தோர்தோன் வரை போக வேண்டுமா?

பாரிஸின் புறநகரில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அக்டோபர் இறுதியில் வரும் பள்ளி விடுமுறையில் மனைவி, பத்து வயது மகன், அறுபத்தெட்டு வயதான அம்மா ஆகியோருடன் ஐந்து நாள்கள் தென்மேற்கு பிரான்சுக்குப் போக நினைக்கிறோம். லாஸ்கோ குகை மூடப்பட்டுவிட்டது, காட்டுவது நகல்தான் என்கிறார்கள். அதற்காக அவ்வளவு தூரம் போக வேண்டுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சைவ உணவு மட்டுமே சாப்பிடுவார். எவற்றைப் பார்க்கலாம், எவற்றை விட்டுவிடலாம்?”

லாஸ்கோ இருக்கும் தோர்தோன் பகுதிக்குக் கட்டாயம் போங்கள். நகலை முதல் நாளிலும் அசல் குகை ஒன்றை இரண்டாம் நாளிலும் பார்க்கும்படி பயணத்தை அமைத்துக்கொண்டால், வந்த தூரம் உங்களுக்குப் பெரிதாகத் தோன்றாது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல, பனியுக மனிதர்களின் சுவரோவியங்களுக்குப் பெயர்பெற்ற லாஸ்கோ குகையின் கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

1940 செப்டம்பர் 12 அன்று, மோந்தினியாக் என்ற சிற்றூருக்கு மேலிருக்கும் குன்றில், மார்செல் ரவிதா என்ற இளைஞரும் அவருடைய மூன்று தோழர்களும் ஒரு குழிக்குள் இறங்கி இந்த ஓவியங்களைக் கண்டார்கள். அவற்றின் வயதை 17,000 ஆண்டுகள் என்றும் 21,000 ஆண்டுகள் என்றும் வெவ்வேறாகக் கணிக்கிறார்கள். அவ்வளவு காலம் அவை அழியாமல் இருந்ததற்கு, குகைக்கு மேலே நீர் புகாத களிச்சுண்ணப் படலம் ஒன்று கூரைபோல் அமைந்திருந்ததும், வாயில் இடிந்து அடைபட்டிருந்ததுமே காரணம். 1948இல் குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே போய்வந்ததால், அவர்கள் விட்ட மூச்சின் கரியமில வாயுவும் ஈரமும் உடற்சூடும், விளக்கு வெளிச்சமும் சேர்ந்து, சுவர்களில் பச்சைப் பாசியைப் படரவைத்தன. பிறகு வெள்ளைச் சுண்ணப் படிவும் தோன்றியது. அப்போது பண்பாட்டு அமைச்சராக இருந்த ஆந்த்ரே மல்ரோ 1963இல் குகையை மூடினார். திறந்திருந்த பதினைந்து ஆண்டுகள், அது அடைபட்டுக் கிடந்த பல்லாயிரம் ஆண்டுகள் செய்யாத கேட்டைச் செய்துவிட்டன. ஆகவே அந்தக் கதவு மூடியிருப்பதை உங்களுக்கு நேர்ந்த இழப்பாக எண்ண வேண்டாம்.

1983இல் குகையின் ஒரு பகுதிக்கு மட்டும் நகல் செய்தார்கள். 2016 டிசம்பரில் குன்றின் அடிவாரத்தில் திறக்கப்பட்ட புதிய மையம், ஏறக்குறைய முழுக் குகையையும் பாறையின் மேடுபள்ளங்கள் உட்பட மீட்டுருவாக்கியிருக்கிறது. நீங்கள் போக வேண்டியது இந்தப் புதிய மையத்துக்கு. ஐந்து மீட்டருக்கும் நீளமான காளையை அண்ணாந்து பார்க்கும்போது, பாறையின் புடைப்பையே விலங்கின் தோளாகவும் வயிறாகவும் கையாண்ட ஓவியரின் கண் எப்படி வேலை செய்தது என்பதை வழிகாட்டி நிதானமாக விளக்குவார். நகலில் வெளிச்சமும் நேரமும் கிடைக்கின்றன. அசல் குகைகளில் இரண்டும் குறைவு. முதலில் இங்கே கண்ணைப் பழக்கிக்கொண்டவருக்கே, மறுநாள் மங்கலான விளக்கில் ஒரு கோடு விலங்காக மாறுவது சட்டெனப் புலப்படும்.

அசலுக்கு, உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை, என் முதல் தேர்வு ரூஃபின்யாக். உள்ளே சிறிய மின்சார ரயிலில் அமர்ந்தபடியே போகலாம் என்பதால் அம்மாவுக்கு நடை மிகக் குறைவு. சுமார் எட்டு கிலோமீட்டர் நீளும் இந்தக் குகையில் மாமத் எனப்படும் சடையானைகளே அதிகம். அவற்றை வரைந்தவர்கள் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பு குளிர்காலத் தூக்கத்துக்கு வந்த குகைக் கரடிகள் களிமண்ணில் தோண்டிய படுக்கைக் குழிகளையும், சுவரில் அவற்றின் நகக்கீறல்களையும் ரயில் போகும் வழியிலேயே காணலாம். உங்கள் மகன் வீடு திரும்பிய பிறகும் அவற்றைப் பற்றித்தான் பேசுவான். கடைசியில் வரும் ‘பெருங்கூரை’க்குக் கீழே தரையைப் பிற்காலத்தில் தோண்டி இறக்கியிருக்கிறார்கள். அந்நாளில் அங்கே தரைக்கும் கூரைக்கும் இடையே ஒரு மீட்டர் அளவே இடைவெளி இருந்தது. வரைந்தவர் மல்லாந்து படுத்துக்கொண்டு, தாம் வரைவதை ஒருபோதும் முழுமையாக ஒரே பார்வையில் காண முடியாமல் வரைந்திருக்கிறார். அப்படியிருந்தும் விலங்குகளின் அளவு பிசகவில்லை என்பதை நினைக்கும்போது, எத்தனை முறை படித்திருந்தாலும், எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

இரண்டாவது வாய்ப்பு, லேசெசி ஊருக்கு அருகிலுள்ள ஃபோன் தெ கோம். 1901இல் அடையாளம் காணப்பட்ட இக்குகையில் பல வண்ண ஓவியங்களை அசலாகவே பார்க்கலாம். ஒரு கலைமான் குனிந்து மற்றொன்றின் நெற்றியை நக்கும் காட்சி இங்குதான் இருக்கிறது. ஆனால் சிறு குழுக்களாக, மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே ஆட்களை விடுகிறார்கள்; வாயிலை அடைய மேடேறி நடக்கவும் வேண்டும். நீங்களும் மனைவியும் போய்வரும்வரை, அம்மாவும் பேரனும் லேசெசியிலுள்ள தேசியத் தொல்வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கலாம். பனியுக ஐரோப்பாவில் வாழ்ந்த ‘குரோ மாக்னோன் மனிதர்’ என்று பாடநூல்களில் படிக்கிறோமே, அவர்களுடைய எலும்புகள் 1868இல் கிடைத்த பாறைத் தாழ்வாரம் இந்த ஊரில்தான் இருக்கிறது.

இந்த மூன்று இடங்களுக்கும் சார்லா நகரம் அல்லது அதைச் சுற்றிய சிற்றூர் ஒன்றில் மூன்று இரவுகள் தங்குவது வசதி. சார்லாவிலிருந்து மோந்தினியாக் சுமார் 25 கிலோமீட்டர். லேசெசி அதைவிடச் சற்று அருகில். பொதுப் பேருந்தை நம்ப வேண்டாம். பாரிஸ் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரயிலில் பிரீவ் வந்து, அங்கே வாடகைக் கார் எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சார்லாவின் பழைய தெருக்களை மாலையில் ஒரு மணி நேரம் நடந்து பாருங்கள். தேன்நிறச் சுண்ணாம்புக் கல் வீடுகளுக்கு அந்த வெளிச்சம்தான் பொருந்தும். சனிக்கிழமை காலை சந்தை கூடுகிறது.

கோட்டைகளில் ஒன்று போதும். தோர்தோன் ஆற்றின் ஒரு கரையில் பெனாக், மறு கரையில் கஸ்தெல்நோ என்று, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நடந்த நூறாண்டுப் போரில் எதிரெதிர்த் தரப்பில் நின்ற இரு கோட்டைகள் இன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன. கல்லெறி பொறிகள் வைத்திருப்பதால் சிறுவனுக்கு கஸ்தெல்நோவே ஏற்றது. ஏறாதவர்கள் சற்றுத் தொலைவில் ஆற்றோரமாக, பாறைச் சுவரோடு ஒட்டிக் கட்டிய லா ரோக் கழாக் ஊரில் காத்திருக்கலாம். ஆற்றில் சிறு படகு விடுவது கோடைக்குரிய பொழுதுபோக்கு. உங்கள் விடுமுறையில் அதை எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு ஈடாக, இலையுதிர்காலக் காலைகளில் பள்ளத்தாக்கு முழுவதையும் மூடுபனி நிறைத்திருக்க, மேட்டிலுள்ள தோம் ஊரிலிருந்து அது மெல்லக் கலைவதைப் பார்க்கலாம்.

பிறகு தெற்கே லொட் பகுதிக்கு மாறி, ரொக்காமதூர் அருகே இரண்டாவது தங்கல். பதிராக் பெருங்குழியைத்தான் உங்களுக்குத் தயக்கத்தோடு சொல்கிறேன். மழைநீர் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் கரைத்து, நிலத்தடிக் குகையின் கூரை உள்வாங்கியதால் பிறந்த அந்தக் குழி 75 மீட்டர் ஆழம் கொண்டது. அதன் அடியில் ஓடும் ஆற்றை குகை ஆய்வாளர் எதுவார் அல்ஃபிரெத் மார்தேல் 1889இல் ஆராய்ந்தார். இன்று அதே நீரில் படகில் போகிறோம். இறங்க லிஃப்ட் உண்டு. ஆனால் படகிலிருந்து இறங்கிய பின் ஈரப் படிகள் ஏராளமாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். அம்மாவை அங்கே அழைத்துச் செல்லாதீர்கள். ரொக்காமதூருக்குத் தாராளமாக வரலாம்: செங்குத்தான பாறையில் தொங்கும் அந்த யாத்திரைத் தலத்தில், பக்தர்கள் முழந்தாளிட்டு ஏறிய 216 படிகளுக்கு மாற்றாக லிஃப்ட் வசதி இருப்பதால், கருநிற மாதா வீற்றிருக்கும் சிற்றாலயத்தை ஓரளவு எளிதாக அடையலாம்.

ஐந்தாம் நாளில் நேரம் இருந்தால், ரொக்காமதூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பெஷ் மெர்ல் குகை இருக்கிறது. 1922இல் இரண்டு சிறுவர்கள் கண்டுபிடித்தது. உடலெங்கும் கரும்புள்ளிகள் கொண்ட இரு குதிரைகளும், அவற்றைச் சுற்றி வண்ணத்தை ஊதிப் பதித்த மனிதக் கைகளும் சுமார் 29,000 ஆண்டுகளாக அங்கே இருக்கின்றன. அந்தப் புள்ளிகள் வெறும் கற்பனை என்று பலர் எண்ணியிருந்தார்கள். பனியுகக் குதிரைகளிடையே புள்ளித் தோலுக்கான மரபணு உண்மையிலேயே இருந்தது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. கண்ணால் கண்டதைத்தான் வரைந்திருக்கக்கூடும். இங்கும் படிகள் உண்டு. நாளொன்றுக்கு 700 பேருக்கு மேல் அனுமதியில்லை.

உணவு விஷயத்தில் கவனம் தேவை. தோர்தோன் பகுதியின் பழைய பெயரான பெரிகோரின் சமையல் வாத்துக் கொழுப்பை அடிப்படையாகக் கொண்டது. ‘சார்லா உருளைக்கிழங்கு’ என்று பட்டியலில் இருப்பதும் அதில் வறுத்ததே. “வாத்துக் கொழுப்பு சேர்க்காமல்” என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக் கேளுங்கள். சமையல்கட்டுள்ள வாடகை வீடு எடுத்தால் அம்மாவுக்கு இன்னும் நிம்மதி. அக்டோபரில் புதிய அக்ரூட்டும் காளானும் சந்தையில் குவிந்திருக்கும்.

குகைகளுக்குள் ஆண்டு முழுவதும் 13 டிகிரி அளவில்தான் இருக்கும்; எல்லோருக்கும் கம்பளிச் சட்டையும் வழுக்காத காலணியும் வேண்டும். ரூஃபின்யாக்கும் பதிராக்கும் நவம்பர் தொடக்கத்தோடு பருவத்தை முடித்துக்கொள்வதால், விடுதியைப் பதிவுசெய்வதற்கு முன்பே ஒவ்வொரு குகையின் திறப்பு நாளையும் சீட்டு முறையையும் உறுதிசெய்துகொண்டு, அதற்கேற்ப நாள்களை அடுக்குங்கள். அக்டோபரின் கடைசி ஞாயிறு அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. அதன் பிறகு மாலை ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் என்பதால், ரொக்காமதூரைக் காலையிலும் குகையைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளுங்கள்.