மற்றக் குஞ்சுகள் கொத்தி விரட்டும் ஒற்றைக் கோழிக்குஞ்சைத் தனியே எடுத்து வளர்க்கலாமா?

பன்னிரண்டு குஞ்சுகளில் ஒன்றை மட்டும் மற்றவை விடாமல் கொத்துகின்றன, அதற்கு வயது ஐந்து நாள், முதுகில் இரத்தம் கசிகிறது, தனியே எடுத்து வளர்த்தால் பிழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிழைக்கும். இவ்வாறு கூட்டம் ஒதுக்கிய குஞ்சுகள் இரண்டை நான் வளர்த்திருக்கிறேன். இரண்டுமே நல்ல கோழிகளாக வளர்ந்தன. ஆனால் முதல் குஞ்சைப் பிரித்து வைத்தபோது அதைத் தனிமையிலும் வைத்துவிட்டேன். அதன் விளைவை நீக்க எனக்குப் பல வாரங்கள் ஆயின என்பதால், அதைப் பற்றியே இங்கு அதிகம் எழுதுகிறேன்.

இரத்தம் தெரிகிறதென்றால் ஒரு மணி நேரம்கூடப் பொறுக்க வேண்டாம். சிவப்பு நிறம் கோழிகளின் கண்ணை உடனே ஈர்க்கும். ஒரு குஞ்சு கொத்தத் தொடங்கினால் மற்றவையும் அதே இடத்தில் கொத்தும், சிறு கீறல் சில மணி நேரத்தில் ஆழ்ந்த புண்ணாகிவிடும். குஞ்சை எடுத்து, கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் காயத்தை ஒற்றியெடுங்கள். அப்போதே உடல் முழுவதையும் நிதானமாகப் பாருங்கள். கால்கள் இரண்டும் பக்கவாட்டில் அகன்று நழுவுகின்றனவா, ஒரு கண் மூடியே இருக்கிறதா, எச்சம் காய்ந்து ஆசனவாயை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம், ஏனெனில் கூட்டம் ஒதுக்கும் குஞ்சுகளில் பல ஏற்கெனவே நலிந்தவை. அடைத்த எச்சத்தைப் பிய்த்து எடுக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரால் ஊறவைத்து மெல்லத் துடைத்து, உடனே ஈரம் போக உலர்த்த வேண்டும். பிரித்த பிறகு கூட்டம் இன்னொரு குஞ்சைக் கொத்தத் தொடங்கினால், குறை குஞ்சில் இல்லை, கூண்டில் இருக்கிறது: இடநெருக்கடி, மிகுந்த வெப்பம், கண்கூசும் வெளிச்சம், போதாத தீவனத்தட்டு ஆகியவையே வழக்கமான காரணங்கள்.

ஒற்றைக் குஞ்சுக்கு முதல் ஆபத்து குளிர். கூட்டமாக இருப்பவை ஒன்றையொன்று ஒட்டிப் படுத்துச் சூட்டைக் காத்துக்கொள்ளும். இதற்கு அந்த வழி இல்லை. முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு உயரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருக்க வேண்டும். அதன்பின் வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம், உடல் முழுவதும் இறகு முளைத்ததும் நிறுத்தலாம். பெட்டி முழுவதையும் சூடாக்காமல் ஒரு முனையில் மட்டும் விளக்கை வைத்தால், குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். வெப்பமானியைவிடக் குஞ்சின் குரல் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. குளிர்ந்தாலோ தனித்துவிட்டதாக உணர்ந்தாலோ அது உரத்த குரலில் இடைவிடாமல் கத்தும். சூடு மிகுந்தால் வாயைத் திறந்து மூச்சு வாங்கி, சிறகுகளை உடலிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் தாழ்ந்த குரலில் முணுமுணுத்தபடி கிளறிக்கொண்டிருக்கும். விளக்கைச் சங்கிலியாலோ கம்பியாலோ இருமுறை கட்டுங்கள், அது கழன்று விழுந்தால் உமியும் மரத்தூளும் நொடியில் பற்றிக்கொள்ளும். தரையில் செய்தித்தாளை மட்டும் விரிக்காதீர்கள். அந்த வழுக்கலில் கால்கள் அகன்றுவிடும்.

தீவனம் குஞ்சுகளுக்கென்றே தயாரிக்கப்பட்டதாக இருக்கட்டும். முட்டையிடும் கோழிகளின் தீவனத்தில் உள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்ணீரை ஆழமில்லாத தட்டில், கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள். குஞ்சு தீவனத்தை மதிக்காமல் நிற்கலாம், ஏனெனில் உண்பதைக் குஞ்சுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று பார்த்தே தொடங்குகின்றன. நான் ஆள்காட்டி விரல் நுனியால் தட்டில் டக் டக்கென்று தட்டுவேன். குஞ்சு தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் விரலைப் பார்க்கும், பிறகு நகத்தருகே கிடக்கும் துகளைக் கொத்தும். நான்கைந்து முறை இவ்வாறு செய்தபின் விரல் தேவைப்படவில்லை.

இனி என் தவறு. முதல் குஞ்சை அது பொரித்த மறுநாளே எடுத்து, மற்றவற்றின் சத்தம்கூடக் கேட்காத உள்ளறையில் வைத்து வளர்த்தேன். நான் அறையை விட்டு வெளியேறினால் கத்தும். கையை உள்ளே நீட்டினால் உள்ளங்கைக்குள் புகுந்து, சுண்டுவிரலின் மேல் கழுத்தைச் சாய்த்துக் கண்ணை மூடும். அந்தப் பாசம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஏழு வாரம் கழித்துக் கூட்டத்தில் விட்டபோதுதான் அதற்கு நான் இழைத்த தீங்கு புரிந்தது. மற்றவை தீவனத்தட்டைச் சூழ்ந்து நிற்க, இது கதவோரக் கம்பியை ஒட்டி நான் வரும் வழியைப் பார்த்து நின்றது. பெரிய கோழி ஒன்று தலையை உயர்த்திப் பார்த்தால் விலகிக்கொள்ள வேண்டும் என்பதுகூட அதற்குத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே நின்று கொத்து வாங்கியது. அது கோழிகளோடு கோழியாக இருக்கப் பழக ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று.

பொரித்த முதல் சில நாள்களில் கண்முன் அசைவது எதுவோ அதன் பின்னே குஞ்சு செல்லும் என்பதை விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த டக்ளஸ் ஸ்பால்டிங் 1873-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். பொரித்தவுடன் கண்ணை மறைத்து, பிறகு மறைப்பை நீக்கியபோது குஞ்சுகள் அவரைப் பின்தொடர்ந்தன. நான்கு நாள் வரை மறைத்து வைத்திருந்த குஞ்சுகளோ அவரைக் கண்டதும் அஞ்சி ஓடின. உங்கள் குஞ்சு ஐந்து நாளைக் கூட்டத்திலேயே கழித்திருப்பதால், அது தன் இனத்தை ஏற்கெனவே அறியும். அந்த அறிவை மங்கவிடாதீர்கள்.

ஆகவே இரண்டாவது குஞ்சைக் கூட்டம் இருந்த பெட்டியிலேயே, நடுவே கம்பிவலைத் தடுப்பு வைத்துப் பிரித்தேன். தலை நுழையாத அளவுக்கு வலையின் கண் சிறிதாக இருக்க வேண்டும். இருபுறமும் தீவனத்தட்டை வலையை ஒட்டியே வைத்ததால் அவை எதிரெதிரே நின்று உண்டன. காயம் காய்ந்ததும், கூட்டத்தில் மிகவும் சாதுவான குஞ்சு ஒன்றைத் துணைக்கு விட்டேன். அன்று மாலையே இரண்டும் ஒட்டிப் படுத்தன. கண்ணாடியோ பஞ்சு பொம்மையோ வைத்தால் ஓரிரு நாள் அழுகையை அடக்கலாம், ஆனால் அவை உயிருள்ள துணைக்கு ஈடாகா.

கூட்டத்தோடு சேர்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். கோழிகளிடையே யார் யாரைக் கொத்தலாம் என்ற மேல்கீழ் வரிசை இருப்பதை நார்வேயைச் சேர்ந்த விலங்கியலாளர் தோர்லைஃப் ஷெல்டெரப் எபே 1920-களின் தொடக்கத்தில் விளக்கினார். குஞ்சுகளிடையே அவ்வரிசை சில வாரங்கள் கழிந்த பின்பே நிலைபெறுகிறது. அதற்கு முன்பே, காயம் முழுவதும் ஆறி மறைந்து, உடலளவில் மற்றவற்றுக்கு ஈடாக இருக்கும்போது, துணைக்குஞ்சோடு சேர்த்தே விடுங்கள். தீவனத்தட்டும் தண்ணீர்த்தட்டும் இரண்டிரண்டாக இருக்கட்டும். முதல் நாள் அருகிலேயே இருந்து பாருங்கள். ஓரிரு கொத்து வாங்கி விலகிச் செல்வது இயல்பு. மூலையில் ஒடுக்கி உண்ணவிடாமல் தடுத்தாலோ இரத்தம் வந்தாலோ மீண்டும் வலைக்கு அப்பால் கொண்டுவந்து, சில நாள் கழித்து முயலுங்கள்.

இன்றிரவு தூங்கப்போகும் முன் குஞ்சை எடுத்து, கழுத்துக்கும் மார்புக்கும் இடையே உள்ள தீனிப்பையை விரலால் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று புடைத்திருந்தால் அது உண்டிருக்கிறது. வெறுமையாக இருந்தால், ஈரமாகப் பிசைந்த தீவனத்தை விளக்கின் அருகே வைத்து, அது உண்ணும்வரை விரலால் தட்டிக் காட்டுங்கள். நாளைக் காலையும் வெறுமையாகவே இருந்தாலோ, எச்சத்தில் இரத்தம் தெரிந்தாலோ, கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லத் தாமதிக்க வேண்டாம்.