மோட்டார் போட்டால் லைட் துடிக்கிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

பாலக்கோட்டிலிருந்து: அண்ணா, வீட்டு போர் மோட்டார், சிங்கிள் ஃபேஸ். போட்டதும் எல்இடி எல்லாம் மங்கி மீள்கிறது. பல்பை மாற்றட்டுமா?

பல்பைத் திட்டாதீங்க தம்பி. மோட்டார் கிளம்பும்போது, ஓடுகையில் எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும், போஸ்ட் தூரமாக இருந்து ஒயரும் மெலிசு என்றால் 230 வோல்ட் சட்டென்று இறங்கத்தான் செய்யும். ஒரு தடவை மங்கி உடனே மீண்டால் பயமில்லை. மூன்று நான்கு நொடி இழுத்தால் கெபாசிட்டரைப் பாருங்க. மோட்டார் கிளம்பும்போது ஒயர்மேனிடம் மீட்டர் பக்கம் ஒருமுறை, உள்ளே லைட் போர்டில் ஒருமுறை வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்க. மீட்டரிலேயே இறங்கினால் கோளாறு வெளியே, உள்ளே மட்டும் இறங்கினால் உங்க ஒயரிங். இந்த ஒரு சோதனை செய்யாமல் எதையும் வாங்காதீங்க. அப்புறம், மலிவு பல்பில் கரண்டைச் சீராக்கும் சர்க்யூட் (டிரைவர்) சரியாக இருக்காது, வோல்டேஜ் ஆடினால் வெளிச்சமும் ஆடும். அட்டையில் 100–300 வோல்ட் என்று போட்டிருப்பது தாங்கும்.

காரிமங்கலத்திலிருந்து: த்ரீ ஃபேஸ் சர்வீஸ். மோட்டார் ஓடினால் ஒரு ரூமில் மங்குகிறது, அடுத்த ரூமில் பளிச்சென்று கூடுகிறது.

மெயினை ஆஃப் பண்ணிட்டு ஈபிக்குச் சொல்லுங்க, இப்பவே. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், லூஸ். அது முழுசாக விட்டுப்போனால் ஒரு ஃபேஸில் 300 வோல்ட்டைத் தாண்டும், டிவியும் ஃபிரிட்ஜும் போய்விடும். எங்கள் வீட்டில் அலுமினிய ஜாயின்ட் ஒன்று கருகியே போயிருந்தது, நானும் ஒரு வாரம் பல்பைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன்!

ஓசூரிலிருந்து: மிக்ஸி போட்டால் நடுங்குகிறது, கிரைண்டர் போட்டால் இல்லையே?

கிரைண்டரில் கார்பன் பிரஷ் கிடையாது, மிக்ஸியில் உண்டு. பிரஷ் தேய்ந்தால் பொறி பறக்கும், அந்த இரைச்சல் லைன் வழியாக லைட்டுக்குப் போகும். பிரஷை மாற்றிப் பாருங்க.

காவேரிப்பட்டணத்திலிருந்து: மாங்கூழ் யூனிட். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி வைத்ததிலிருந்து டியூப் எல்லாம் துடிக்கிறது.

மோட்டார் கேபிளும் லைட் ஒயரும் ஒரே டிரேயில் போகுதா? பிரியுங்க. மோட்டாருக்கு உலோக உறை சுற்றிய ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்து, விஎஃப்டி உள்வரும் பக்கம் மின் இரைச்சலைத் தடுக்கும் இஎம்ஐ ஃபில்டர் வையுங்க.

அரூரிலிருந்து: சுவிட்ச் அணைத்தாலும் மினுக்குகிறது.

இதற்கும் மோட்டாருக்கும் சம்பந்தமில்லை. சின்ன லைட் உள்ள இண்டிகேட்டர் சுவிட்சாக இருக்கும், இல்லையென்றால் சுவிட்சில் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரல் வருகிறது.

பாலக்கோடு மறுபடி: அளந்தோம் அண்ணா, மீட்டரில் 225, போர்டில் 190.

வீட்டு ஒயரிங்தான். மோட்டாருக்கு மீட்டர் போர்டிலிருந்தே 4 சதுர மிமீ காப்பரில் தனி லைன் இழுங்க.