"காய் பறிச்சு முடியட்டும், போலாம்"னு சொன்னேன்

கேள்வி: எனக்கு வயது 46. போச்சம்பள்ளி பக்கம் மூணு ஏக்கர் மாந்தோப்பு. போன ஆனி மாசம் என் மனைவி இறந்துபோனாள். அவளுக்கு 38 வயசுதான். ரெண்டு நாளா "அசதியா இருக்கு, முதுகு புடிச்சிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போலாமா"ன்னு கேட்டாள். வண்டி வந்து நிக்கிற நேரம். நானும் அவளும்தான் கூடை தூக்கினோம். "காய் பறிச்சு முடியட்டும், போலாம்"னு சொல்லிட்டேன். மூணாம் நாள் விடியக்காலை மூச்சு வாங்குச்சு. போற வழியிலேயே முடிஞ்சுபோச்சு. மாரடைப்புன்னு சொன்னாங்க.

மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். மகனுக்கு 6 வயசு. எழவு வீட்ல இருக்க வேணாம்னு அவனைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிட்டோம். "அம்மா சாமிகிட்ட போயிருக்கு"ன்னு என் அம்மா சொல்லி வெச்சிருக்காங்க. "எப்ப வரும்?"னு தினமும் கேக்குறான். எனக்கு ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. தூங்குறதுக்காகத் தினமும் ஒரு குவார்ட்டர் குடிக்கிறேன், நாலு மாசமா. அடுப்படியில அவ பாத்திரம் கழுவுற சத்தம் கேக்குது. பைத்தியம் புடிக்குதோன்னு பயமா இருக்கு. இப்ப மாமரத்துல பூ எடுத்திருக்கு, தோப்புக்குள்ள கால் வைக்க முடியல. வித்துடலாமா? சில நேரம் அவளோடயே போயிருக்கலாம்னு தோணுது.

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

போகிற போக்கில் எழுதியதுபோல் இருக்கும் உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறோம். துணையை இழந்தவர்கள் பலருக்கும் 'அவளோடயே போயிருக்கலாம்' என்று தோன்றும். அது ஏக்கமாக வந்து, மகன் கூப்பிட்டதும் கலைந்து போகிறது என்றால் அது துக்கத்தின் ஒரு முகம். எப்படி, எப்போது என்று யோசனை ஓடினால் அது வேறு. அப்படி ஒரே ஒரு தடவை ஓடினாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். மனநல உதவிக்கான 14416 அல்லது அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐக் கூப்பிடுங்கள். இரண்டும் இலவசம், இரவிலும் தமிழில் பேசுவார்கள். இன்னொன்றை இன்றே செய்யுங்கள். பூ நேரம் என்பதால் தத்துப்பூச்சிக்கும் சாம்பல் நோய்க்கும் அடிக்கிற மருந்து வீட்டில் இருக்கும். அதை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைத்துப் பூட்டி, சாவியையும் அவரிடமே விட்டுவிடுங்கள். அடிக்கிற அன்று அவரே கொண்டுவரட்டும். இந்த எண்ணம் வேகமாக வந்து வேகமாக அடங்கக்கூடியது. வருகிற நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பதே பல உயிர்களைக் காப்பாற்றுகிறது.

இனி, உங்களை இரவில் எழுப்பி உட்கார வைக்கிற அந்த வாக்கியத்துக்கு வருகிறோம். "காய் பறிச்சு முடியட்டும்."

மாரடைப்பு என்றதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதுதான் எல்லார் மனசிலும் இருக்கும் படம். பெண்களுக்குப் பல நேரம் அப்படி வருவதில்லை. காரணமில்லாத அசதி, முதுகிலோ தாடையிலோ வலி, குமட்டல், மூச்சுத் திணறல் என்று வரும். 38 வயதுப் பெண் கூடை தூக்கிய நாளில் முதுகு வலி என்றால், மருத்துவர்களே சில சமயம் தசைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் மனைவிக்கும் அது இதயம் என்று தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் "போலாமா" என்று கேட்டிருக்க மாட்டார், "இப்பவே கூட்டிட்டுப் போ" என்றிருப்பார்.

"உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொந்தக்காரர்கள் சொல்வது உங்களைத் தேற்றாது. நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் அதைச் சொல்லி வாயை அடைத்துவிடுகிறார்கள். அதனால் ஒரு வேலை செய்யுங்கள். மகளின் பழைய நோட்டு ஒன்றில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் அந்த மூன்று நாளும் மணிவாரியாக என்ன நடந்தது, அவர் என்ன சொன்னார், அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தெரியும் என்று மட்டும் எழுதுங்கள். வலது பக்கம், பிறகு தெரிந்துகொண்டவை. 'மாரடைப்பு' என்ற சொல் எந்தப் பக்கம் வருகிறது என்று பாருங்கள். வலது பக்கம்தான் வரும். ஏழு மாதமாக நீங்கள் வலது பக்கத்தை வைத்துக்கொண்டு இடது பக்கத்து மனிதனை விசாரித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒரே உட்காரலில் எழுதி முடிக்க வேண்டாம். அரை மணி நேரம் போதும், பகலில் எழுதுங்கள், குடித்துவிட்டு எழுதாதீர்கள். எழுதி முடித்ததும் குறுக்கே பேசாத ஒருவரிடம் முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்கள் இருந்தால், அவற்றை ஒரு பொது மருத்துவரிடம் கொண்டுபோய், "ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்கலாம். "காப்பாற்றியிருக்க வாய்ப்பு உண்டு" என்ற பதிலும் வரலாம், அதற்கும் மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். அப்படி வந்தாலும் உண்மை தெரிந்த வருத்தத்தோடு வாழ முடியும். மூன்று மணிக்கு எழுந்து கற்பனையில் வளர்த்துக்கொள்கிற குற்றத்தோடு வாழ்வது அதைவிடக் கடினம். மிச்சமிருக்கிற வருத்தத்தை உங்கள் மனைவியிடமே சொல்லுங்கள். அமாவாசைக்குப் படையல் போடும்போது, வாய்விட்டு, பெயர் சொல்லி. "உன்னைக் கூட்டிட்டுப் போயிருக்கணும்" என்று அழுதால் உங்கள் ஆண்மை ஒன்றும் குறைந்துவிடாது. நம் பெண்கள் எழவு வீட்டில் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்து மனசை இறக்கிவைக்கிறார்கள். ஆம்பிளைகளைப் பந்தல் போடவும் பாடை கட்டவும் அனுப்பிவிடுகிறோம். அந்த அழுகை எங்கே போகும்? கோபமாகவும் குடியாகவும்தான் வெளியே வருகிறது.

குடியும் மூன்று மணி முழிப்பும் ஒன்றோடு ஒன்று கட்டியவை. சாராயம் ஆளைச் சீக்கிரம் தூங்க வைக்கும். உடம்பு அதைக் கரைத்து முடிக்கிற நேரத்தில், அதாவது பின்னிரவில், தூக்கத்தைக் கலைத்துவிடும். முழிப்பு வருகிறதே என்று குடிக்கிறீர்கள், குடிப்பதால் முழிப்பு வருகிறது. ஆனால் நாலு மாதம் தினமும் குடித்தவர் நாளைக்கே சுத்தமாக நிறுத்த வேண்டாம். கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்புகூட வரலாம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய், எவ்வளவு, எத்தனை நாளாக என்று மறைக்காமல் சொல்லுங்கள். குறைக்கும் முறையை அவர்கள் சொல்வார்கள். மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் குடியோடு சேர்த்துப் போடுவது மட்டும் கூடவே கூடாது, மூச்சையே நிறுத்திவிடும். முழிப்பு வந்தால் புரண்டுகொண்டு கிடக்காமல் திண்ணையில் வந்து உட்காருங்கள், கண் சொக்கியதும் போய்ப் படுங்கள். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள்.

பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். 1971-இல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் டெவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரைக் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார். ஏறக்குறையப் பாதிப்பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்ததாகவோ, அவரைப் பார்த்ததாகவோ, அவர் குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கேலி செய்வார்களோ என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். இத்தனை வருஷம் அந்த நேரத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிய காது அது. ஏதாவது குரல் உங்களுக்குக் கட்டளையிட்டால், திட்டினால், அப்போது மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அடுத்து, மகன். இதைத் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே செய்யுங்கள். 6 வயதுப் பிள்ளைக்கு 'சாமிகிட்ட போயிருக்கு' என்றால் போனவர் திரும்பி வருவார் என்றுதான் அர்த்தம். ஏழு மாதமாக அவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். 'தூங்குது' என்று சொன்னால் அவனே தூங்கப் பயப்படுவான். பகலில், வயிறு நிறைந்திருக்கும்போது, மடியில் உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "அம்மா செத்துப்போச்சுப்பா. அம்மாவோட நெஞ்சு வேலை செய்யாம நின்னுபோச்சு. செத்துப்போனவங்க மூச்சு விட மாட்டாங்க, அவங்களுக்கு வலிக்காது, திரும்பி வர மாட்டாங்க. அப்பாவுக்கும் ரொம்ப அழுகையா இருக்கு." நான்கே வாக்கியம் போதும். அவன் அழலாம், அல்லது எழுந்து விளையாடப் போய்விடலாம். குழந்தைகள் துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிப்பார்கள். விளையாடுகிறானே என்று திட்டாதீர்கள்.

பிறகு அவன் மூன்று கேள்விகளைச் சுற்றிச் சுற்றிக் கேட்பான், வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனசில் இருக்கும். என்னால்தான் செத்துப்போச்சா? நீயும் செத்துப்போயிடுவியா? அப்புறம் எனக்கு யார்? முதலாவதற்கு "நீ என்ன பண்ணியிருந்தாலும் அதனால இல்ல" என்று அடித்துச் சொல்லுங்கள். இரண்டாவதற்கு "சாகவே மாட்டேன்" என்று சத்தியம் செய்ய வேண்டாம், "அப்பா ரொம்ப நாள் இருக்கத்தான் பாக்குறேன்" என்று சொல்லுங்கள். மூன்றாவதற்கு ஆள் பெயரைச் சொல்லுங்கள்: அப்பா, ஆயா, அக்கா, சித்தி. இதே கேள்விகளை நூறு தடவை கேட்பான். நூறு தடவையும் அதே பதில். உங்கள் அம்மாவிடமும் அந்த வார்த்தைகளையே சொல்லச் சொல்லுங்கள், ஆளுக்கொன்று சொன்னால் பிள்ளை குழம்பிவிடும். வகுப்பு ஆசிரியரிடமும் தெரிவித்துவிடுங்கள். அம்மாவை எடுத்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் கூட்டிப்போய்ப் பூ வைக்கச் சொல்லுங்கள்.

மகளைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் எங்களுக்குக் கவலை. சத்தமில்லாமல் அம்மாவின் வேலை முழுவதும் அவள் தலையில் இறங்கியிருக்கும். மார்ச்சில் பொதுத்தேர்வு. ராத்திரிச் சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், களியிலிருந்தே தொடங்கலாம். மூன்று டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டு, கால் டம்ளர் அரிசி நொய்யைக் குழைய வேகவிடுங்கள். ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கட்டையால் ஒரு குழி போட்டு, மூடி, சிறு தீயில் பத்து நிமிடம். அதற்கு முன்னால் கிண்டினால் மாவு வேகாமல் கட்டி தட்டிவிடும், புதிதாகக் கிண்டுகிறவர்கள் செய்கிற தவறு அதுதான். வெந்தபின் இறக்கி, பாத்திரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு அழுத்திக் கிண்டுங்கள். கையை நனைத்து உருட்டுங்கள், சின்ன உருண்டையை மகன் உருட்டட்டும். முதல் நாள் சரியாக வராது. உங்கள் மனைவியின் கை பக்குவம் வரவே வராது, பிள்ளைகள் அதைச் சொன்னால் "ஆமா, அம்மா கை பக்குவம் வேற" என்று நீங்களும் சொல்லுங்கள். வீட்டில் அம்மா பேச்சு அப்படித்தான் சகஜமாக வர வேண்டும்.

தோப்பை விற்காதீர்கள். முதல் வருஷத்தில் நிலத்தை விற்பது, வீடு மாறுவது, மறுகல்யாணம் எதுவும் வேண்டாம். பெண் பார்க்கச் சொல்கிற பெரியவர்களிடம் "வருஷம் திரும்பட்டும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். இந்த ஒரு போகத்துக்குப் பூவிலேயே குத்தகைக்கு விட்டுவிடலாம். மருந்தடிப்பும் பறிப்பும் வியாபாரி பொறுப்பு. வருமானம் குறையும், ஆனால் ஆனியில் அதே மரத்தடியில் நீங்கள் கூடையோடு நிற்க வேண்டியிருக்காது. அதற்காகத் தோப்பை முழுக்க ஒதுக்கிவிடவும் வேண்டாம், ஒதுக்க ஒதுக்கப் பயம் கூடும். முதல் வாரம் வேலி வரைக்கும், தம்பியோ நண்பரோ கூட இருக்க, பத்து நிமிடம். அடுத்த வாரம் முதல் வரிசை மரம் வரைக்கும். நெஞ்சு படபடக்கும், அது அடங்கும்வரை நின்றுவிட்டுத் திரும்புங்கள். படபடப்பின் உச்சத்தில் ஓடிவந்தால் அடுத்த முறை இன்னும் கடினமாகும்.

ஆனி வரும்போது எல்லாம் புதிதாக நடந்ததுபோல் திரும்பி வரும். திதி ஒரு நாளும் இங்கிலீஷ் தேதி ஒரு நாளுமாக இரண்டு நாள் உங்களை அடிக்கும். இரண்டு நாளும் தனியாக இருக்காதபடி இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். ஒகேனக்கல்லுக்கோ தீர்த்தமலைக்கோ போய்த் திதி கொடுப்பதாக இருந்தால் மகனையும் இந்த முறை விட்டுவிடாதீர்கள்.

இந்த அளவு துக்கம் எத்தனை நாள் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 6 மாதத்தையும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டின் 2022 பதிப்பு பெரியவர்களுக்கு 12 மாதத்தையும் குறைந்தபட்ச எல்லையாக வைக்கின்றன. அதற்குப் பிறகும் ஏக்கம் கொஞ்சமும் இளகாமல், வேலையும் பிள்ளைகளும் கண்ணில் படாமல் இருந்தால் நீடித்த துக்க நோய் என்று பார்ப்பார்கள், அதற்கென்று பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது. உங்களுக்குக் குடியும் அந்தக் கடைசி வரியும் இருப்பதால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே போங்கள்.

உங்கள் மனைவியின் பேங்க் பாஸ்புக்கை எடுத்து மே மாதக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, 2 லட்சம் ரூபாய் வரும். குழுக்கடனுக்காகக் கணக்குத் தொடங்கிய பல பெண்களுக்கு இது இருக்கும், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. இறப்புச் சான்றிதழோடு அந்தக் கிளையில் கேளுங்கள். தாமதமாகிவிட்டது என்று நீங்களாகவே விட்டுவிடாமல் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள்.

அவர் செல்போனை இன்னும் சார்ஜ் போட்டு வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறோம். ரீசார்ஜ் இல்லாமல் விட்ட எண்ணைக் கம்பெனி பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும், அவர் அதில் வாட்ஸ்அப் தொடங்கினால் இந்தப் போனில் அது மூடிக்கொள்ளும். போட்டோக்களையும், உங்களுக்கு அவர் அனுப்பிய குரல் பதிவுகளையும் மகளைவிட்டு ஒரு பென்டிரைவிலும் இன்னொரு போனிலும் நகல் எடுக்கச் சொல்லுங்கள். "வரும்போது பால் பாக்கெட் வாங்கிட்டு வா" என்கிற பதிவாக இருந்தாலும் அழிக்க வேண்டாம். மகன் பெரியவனாகும்போது அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்பான்.