காட்டு யானை வரைந்தால் கோயில் யானையாக வருகிறது – பதில்

காட்டு யானையை வரைந்தால் கோயில் யானை மாதிரி வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கருப்பு வண்ணத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து ஒதுக்கிவிடுங்கள். முதுமலையில் பார்த்த யானை உங்கள் படத்தில் கோயில் யானையாக மாறுவது பெரும்பாலும் நிறத்தால்தான். உருவம் சரியாக வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கும்பகோணத்தில் நீங்கள் மாதிரிக்குப் பார்க்கும் யானையைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிறார்கள். தோலின் கருமை பளிச்சென்று தெரியும். காட்டு யானை குளித்த கையோடு மண்ணை வாரி மேலே போட்டுக்கொள்ளும். அந்த மண்ணின் நிறம்தான் அதன் நிறம். செம்மண் காட்டு யானைக்கு நம் ஊர் வண்டல் நிறத்தைப் பூசினால் எடுபடாது.

நீர்வண்ணம் என்றால் பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) 2 பங்கு, அல்ட்ராமரைன் ப்ளூ (அடர் நீலம்) 1 பங்கு, தண்ணீர் தாராளமாக. நெற்றியிலும் முதுகிலும் சியன்னா தூக்கலாக இருக்கட்டும். வயிற்றுக்கும் காலுக்கும் நீலம் கூட்டுங்கள். ஓடையைக் கடந்து வந்த யானைக்கு நனைந்த மட்டம் வரை கரும்பட்டை, அதற்கு மேலே வெளிறிய புழுதி. இந்த ஓர் எல்லைக்கோடு விழுந்தாலே காடு வந்துவிடும்.

ஐப்பசி மழையில் டெல்டாவில் முதல் பூச்சு லேசில் காயாது. புறங்கையை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் ஈரம் போகவில்லை. அதன்மேல் சுருக்கங்களைப் போட்டால் கோடு பரவி, தோல் கம்பளி மாதிரி ஆகிவிடும்.

சோதிக்க: படத்தைச் சுவரில் சாய்த்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். யானையும் தரையும் ஒரே நிறக் குடும்பமாகத் தெரிய வேண்டும்.

அதற்காகக் கோயில் யானையை விட்டுவிடாதீர்கள். முன்காலில் 5 நகம், பின்காலில் பெரும்பாலும் 4, கண்ணோரச் சுருக்கம் எல்லாம் அங்கேதான் நிதானமாகப் பார்க்கலாம். முதுமலைச் சாலையில் வண்டியை விட்டு இறங்கி வரைய வேண்டாம். அதற்குத் தடை இருக்கிறது, உயிருக்கும் ஆபத்து.